நடந்தே போகிறவர்களுக்கு

8 ஜனவரி 2018, திங்கள். விழுப்புரம்.

ஹார்ட் டிஸ்க் செத்துப் போச்சு. கடைக்காரன் கையில் வாங்கி ஒரு தடவை குலுக்கிப் பார்த்துவிட்டு, "சார், இதுல ஒண்ணும் மிச்சமில்ல" என்றான். குலுக்கிப் பார்த்தே சாவுச் சான்றிதழ் கொடுக்கிற டாக்டர். புது டிஸ்க் போட்டுக்கொண்டு வந்தேன்.

போனது வேறொன்றுமில்லை, ஆஷ்மூர். ஏழு வருஷத்துப் பழைய கம்ப்யூட்டர் விளையாட்டு. மலை, காடு, கோட்டை, டிராகன் என்று ஒரு முழு தேசம். எந்தப் பக்கம் வேண்டுமானாலும் போகலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். மின்வாரியத்தில் ரிட்டயர் ஆன லைன் இன்ஸ்பெக்டருக்கு இது தேவையா என்று கேட்பவர்கள் கேட்கட்டும். அறுபது வயதுக்காரன் தெருவில் நடந்தால் ஆரோக்கியம் என்கிறார்கள், திரையில் நடந்தால் பைத்தியம் என்கிறார்கள்.

விளையாட்டைத் திரும்ப இறக்கிக்கொள்ளலாம். அதன் மேல் போட்டிருந்ததெல்லாம் போயிற்று, அதுதான் எரிச்சல். பழைய விளையாட்டைப் புதுசாக்க ஆட்டக்காரர்களே சின்னச் சின்னதாகச் செய்து இலவசமாகக் கொடுப்பார்கள். ஒன்று மரத்தை அழகாக்கும், ஒன்று மழையை நிஜமாக்கும். மாட் என்று பெயர். நான் ஒட்டு என்பேன். எண்பது ஒட்டு வைத்திருந்தேன். ஒன்றின் பெயர்கூட ஞாபகமில்லை. தேடிப் பொறுக்கிப் போட்டது நான் இல்லையே. அவள். அந்தப் பேச்சு இங்கே வேண்டாம்.

இப்போது தொகுப்பு என்று ஒன்று கிளம்பியிருக்கிறது. எவனோ ஒருத்தன் ஊரார் செய்த நானூறு ஒட்டுகளைப் பொறுக்கி, ஒரே பொத்தானில் இறங்குகிற மாதிரி மூட்டை கட்டி, மேலே தன் பேரை எழுதிக்கொள்கிறான். ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையே.

10 ஜனவரி, புதன்.

வேறு வழியில்லாமல் ஒரு மூட்டையை இறக்கினேன். பேர் ‘இறுதித் தொகுப்பு’. நானூற்றுப் பன்னிரண்டு ஒட்டு. பால் கறக்கிற கிழவிக்கு சினிமா நடிகை மூஞ்சி. புல் இடுப்புயரம், டிராகன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாலும் தெரியாது. கோழிக்கு நிழல் விழுகிறது, ஆனால் கோழியைக் காணோம். நாற்பது நிமிஷத்தில் மூன்று தடவை கம்ப்யூட்டர் உறைந்தது. இறுதி என்று சரியாகத்தான் பேர் வைத்திருக்கிறான்.

17 ஜனவரி, புதன்.

பொங்கல் முடிந்து சௌந்தரம் திண்டிவனம் போய்விட்டு வந்தாள். மாதம் இரண்டு தடவை போகிறாள். பக்கத்து ஓமந்தூரில் பெரியம்மா மகள் அம்சவள்ளி இருக்கிறாள், அவளைப் பார்க்கவாம். நான் கேட்பதில்லை. எந்தப் பேரை இந்த வீட்டில் எடுக்கக் கூடாது என்று சொன்னேனோ அந்தப் பேரை எடுக்காதவரைக்கும் பெண்டாட்டி எங்கே போனால் எனக்கென்ன.

இன்றைக்குப் பையிலிருந்து ஒரு காலண்டர் தாளை எடுத்து நீட்டினாள். பின்பக்கம் ஒரு இணைய முகவரி, அவள் கையெழுத்தில். இங்கிலீஷ் எழுத்து ஒவ்வொன்றையும் கோலம் மாதிரி வரைந்திருந்தாள்.

"இன்னா இது?"

"உங்க வெளாட்டுக்காம். பஸ்ஸுல பக்கத்துல ஒருத்தர் பேசிக்கினு வந்தாரு. எழுதி வாங்கியாந்தேன்."

பஸ்ஸில் வந்த யாரோ, ஆஷ்மூர் பற்றி, சௌந்தரத்திடம்! ரேஷன் கார்டு பற்றிப் பேசியிருந்தால்கூட நம்பலாம். பொய் சொல்வதற்கும் ஒரு பயிற்சி வேண்டும்.

19 ஜனவரி, வெள்ளி.

போட்டுத்தான் பார்ப்போமே என்று போட்டேன். தொகுப்பின் தலைப்பு இங்கிலீஷில் இருக்கிறது. தமிழில் சொன்னால் ‘நடந்தே போகிறவர்களுக்கு’. தொகுத்தவருக்குப் பேர் இல்லை, வெறும் எண்: 604001. மொத்தம் அறுபத்தொரு ஒட்டு. இதுவரை இறக்கியவர்கள் மூன்று பேர். என்னோடு நான்கு. பெரிய திருவிழாதான்.

குறிப்பைப் படித்தால் சிரிப்பு வருகிறது. குதிரை எப்படி விழுந்தாலும் சாகாதாம். சண்டைக்குப் போகிறவனுக்குக் குதிரை மேல் என்ன அவ்வளவு பாசம்? எழுத்தெல்லாம் ஒன்றரை மடங்கு பெரிசு. நடக்கும்போது திரை ஆடாது, தலை சுற்றுகிறவர்களுக்காக. இரண்டு காதுக்கும் வருகிற சத்தம் ஒரே காதுக்குச் சேர்ந்து வரும்படி ஒரு ஒட்டு. எந்தச் செவிடனுக்காகக் கட்டிய மூட்டை இது? எனக்கும் இடது காது 97-இல் டிரான்ஸ்பார்மர் வெடித்ததில் போனது. அது வேறு விஷயம்.

ஒன்று சொல்ல வேண்டும். மூன்று மணி நேரத்தில் ஒருமுறைகூட உறையவில்லை.

22 ஜனவரி, திங்கள்.

இன்று காலை தெற்கே கடலோரக் கிராமத்துக்கு நடந்து போனேன். ஆஷ்மூரை ஆரம்பித்த நாளிலிருந்து எனக்கு அந்தக் கிராமத்தின் மேல் எரிச்சல். பத்துப் படகு நிற்கும், மீனவன் என்று பேர் வைத்த ஆட்கள் உலாத்துவார்கள், ஒரு வலை இருக்காது. மரக்காணம் பக்கத்துக் குப்பத்தில் பிறந்தவன் நான். அப்பன் கட்டுமரம் தள்ளுவதைப் பார்த்து வளர்ந்தவன். 2012-இல் முதல்முறை பார்த்தபோதே கத்தினேன்: வலை இல்லாம மீன்புடிக்கிற ஊரு எங்கடா இருக்கு, எல்லாம் பொய். அப்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்தது ஒருத்திதான்.

இன்றைக்கு அங்கே வலை இருக்கிறது. வீட்டுக்கு வீடு.

குறிப்பைத் திரும்ப எடுத்துப் படித்தேன். நாற்பத்து மூன்றாவது ஒட்டு: ‘கடலோர ஊர்களுக்கு வலை. வலை இல்லாமல் மீன்பிடிக்கிற ஊர் ஒரு பொய்.’

604001. திண்டிவனத்துப் பின்கோடு. ஆறு வருஷம் அங்கே வேலை பார்த்தவனுக்கு இது மூன்று நாளாக உறைக்கவில்லை.

குதிரை, காது, எழுத்து, தலைசுற்றல்... எல்லாம் எனக்கு. சங்கவி செய்திருக்கிறாள், நான் பெற்றவள்.

23 ஜனவரி.

அழித்துவிட வேண்டும்.

24 ஜனவரி.

அழிக்கவில்லை. கடைசிக் கோட்டையை மட்டும் பார்த்துவிட்டு அழிக்கலாம்.

27 ஜனவரி, சனி.

தொகுப்பின் பக்கத்தில் குறை எழுத ஒரு பெட்டி இருக்கிறது. எழுதினேன். அந்தத் தளத்தில் என் பேர் ‘லைன்மேன்58’, உண்டாக்கிக் கொடுத்தவளும் அவள்தான். அதனாலென்ன. யாரோ யாருக்கோ எழுதுகிறார்கள் என்று இரண்டு பேரும் நடிக்கலாம்.

அகராதி வைத்துக்கொண்டு இங்கிலீஷில் எழுதியது இது: ‘வலையைத் தொங்கவிட்ட விதம் தப்பு. கடலைப் பார்க்காதவன் செய்த வேலை. ஈர வலையைக் கூரைக்கு அடியில் நிழலில் போட்டால் நாறிப்போகும். மணலில் விரித்துத்தான் காயவைப்பார்கள். பொறுக்கி எடுக்கிறவர் பார்த்துப் பொறுக்க வேண்டாமா?’

29 ஜனவரி, திங்கள்.

பதில் வந்திருக்கிறது. ‘அன்புள்ள பயனருக்கு, குறையைத் தெரிவித்ததற்கு நன்றி. மணலில் எப்படி விரிப்பார்கள் என்று விளக்க முடியுமா?’

அன்புள்ள பயனர்! பெற்று, பிஎஸ்ஸி கம்ப்யூட்டர் படிக்க வைத்து, விழுப்புரத்திலேயே முதல் ஆளாக லேப்டாப் வாங்கிக் கொடுத்தவன் இன்றைக்குப் பயனர். கேட்டதற்கு ஒரு பக்கம் விளக்கி எழுதினேன். தெரியாதவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதில் தப்பில்லை.

11 பிப்ரவரி, ஞாயிறு.

பதிப்பு 1.1 போட்டிருக்கிறாள். வலைகள் மணலில் விரிந்து கிடக்கின்றன. மிதப்புக் கட்டைகள் எல்லாம் ஒரே பக்கம், நான் எழுதின மாதிரியே. அரை மணி நேரம் அங்கேயே நின்றேன். குறை ஒன்றும் தெரியவில்லை. கண்டுபிடிக்கிறேன்.

4 மார்ச், ஞாயிறு.

இதுவரை பதினொரு குறை எழுதிவிட்டேன். மாடு இரவலுக்கு வந்த மாதிரி நிற்கிறது. சந்தைக்காரி தராசை இடது கையில் பிடிக்கிறாள். எல்லாவற்றுக்கும் ‘அன்புள்ள பயனருக்கு’ என்று பதில் வருகிறது. பதிப்பு 1.3 வரை வந்தாயிற்று. தொட்டதற்கெல்லாம் வளைந்து கொடுக்கிறாள். இந்தப் பணிவை இரண்டு வருஷத்துக்கு முன்னால் காட்டியிருந்தால் என்ன?

கடைசிப் பதிலில் ஒரு வரி. ‘கண் ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்குக் குகைக்குள் வெளிச்சம் போதுமா?’

எழுதினேன்: ‘வலது கண்ணில் செய்துகொண்டவர்களுக்குப் போதும். இடது கண்ணில் இன்னும் செய்யாதவர்களும் இருப்பார்கள்.’

மறுநாளே வெளிச்சம் கூடிவிட்டது.

20 மார்ச், செவ்வாய்.

எல்லாம் போச்சு.

இந்த விளையாட்டில் அநாதைக் குழந்தையைத் தத்து எடுக்கலாம். ஒரு பெண்ணை எடுத்திருந்தேன். பழைய விளையாட்டில் அது வளரவே வளராது, எப்போதும் வாசலில் ஓடிக்கொண்டிருக்கும். இன்றைக்கு வீட்டுக்குப் போனால் இல்லை. ஒரு கடிதம் வந்து கிடக்கிறது. தான் பெரியவளாகிவிட்டதாகவும் வேறு ஊரில் வீடு கட்டிக்கொண்டதாகவும், வழி தெரிந்தால் வரும்படியும். ஐம்பத்தெட்டாவது ஒட்டு. நான்தான் கவனிக்கவில்லை.

யார் கேட்டது இதை? விளையாட்டுக்கு உள்ளே வந்துமா? அந்த ஒட்டை மட்டும் தனியாகப் பிடுங்கி எறிந்தேன். திரும்ப விளையாட்டைத் திறந்தேன். என் ஆள் நின்ற இடத்தில் ஆள் இல்லை, வீடு இல்லை, கருப்பு. சேமித்து வைத்த ஆட்டம் எதுவும் திறக்கவில்லை. நூற்றைம்பது மணி நேரம்.

21 மார்ச், புதன்.

எழுதினேன்: ‘பொறுப்பில்லாத தொகுப்பு. சொந்த விவகாரத்தை விளையாட்டில் புகுத்துகிறவர்கள் தொகுக்க லாயக்கில்லை.’

22 மார்ச், வியாழன்.

பதில்: ‘அன்புள்ள பயனருக்கு, ஆட்டத்தின் நடுவில் எதையும் பிடுங்க வேண்டாம் என்று குறிப்பின் முதல் வரியிலேயே எழுதியிருக்கிறது. ஒன்றைப் பிடுங்கினால் அதை நம்பி இருக்கிறவையும் விழும். முதலிலிருந்து தொடங்க உதவி வேண்டுமானால் நான் இருக்கிறேன்.’

உபதேசம்! யாருக்கு யார்?

2016 பிப்ரவரியில் ரிஜிஸ்டர் ஆபீஸில் கையெழுத்துப் போட்டு முடித்துவிட்டு, படியிறங்கும்போது எனக்குப் போன் செய்து சொன்னவள் இவள். பையன் பேர் இனியவன், திண்டிவனத்தில் ரத்தப் பரிசோதனை லேபில் வேலை. அப்பன் சவுரிராயன் ஊரார் நிலத்தில் மல்லாட்டைச் செடி பிடுங்கிப் பிள்ளையைப் படிக்கவைத்த ஆள். நான் சாதி பார்க்கிறவன் இல்லை. முப்பது வருஷம் எல்லாத் தெருவுக்கும் ஒரே கம்பியில் கரண்ட் கொடுத்தவன். அவர்கள் மாதா கோவிலுக்குப் போகிற குடும்பம், மதமும் பிரச்சினையில்லை. என்னிடம் சொல்லாமல் செய்தாளே, அதுதான். அந்த வீட்டில் பச்சைத் தண்ணி பல்லில் படாது என்று அன்றைக்குச் சொன்னேன். இன்றைக்கும் அதேதான்.

23 மார்ச், வெள்ளி.

முதலிலிருந்து தொடங்கிவிட்டேன். உதவி ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. பதிப்பு 1.3 டிஸ்க்கில் இருக்கிறது, அது போதும்.

ஆட்டக்காரர்கள் எல்லாருக்கும் தெரிந்த ஒரு விதி உண்டு. ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போது தொகுப்பைப் புதுப்பிக்கக் கூடாது. ஓடுகிற பஸ்ஸில் டயர் மாற்றுகிற வேலை. போன ஆட்டத்தில் மூன்று தடவை மாற்றியும் தப்பித்தது அதிர்ஷ்டம். ஆகவே இந்த ஆட்டம் முடிகிறவரைக்கும் புதுப் பதிப்பு வேண்டாம். புதுப் பதிப்பு வேண்டாம் என்றால் அந்தப் பக்கத்தைத் திறக்கவும் வேண்டாம். நல்லதாய்ப் போயிற்று. இந்தத் தடவை யாரையும் தத்தும் எடுக்கவில்லை.

6 மே.

கத்திரி வெயில். திரையில் பனிமலை ஏறிக்கொண்டிருக்கிறேன். வியர்வை கீபோர்டில் சொட்டுகிறது.

13 ஜூன், புதன்.

சௌந்தரம் வந்ததும் வராததுமாக, "அம்சவள்ளி மருமவ முழுகாம கீறா" என்றாள். ஊரில் எவளோ ஒருத்தி முழுகாமல் இருப்பதற்கு இவள் முகத்தில் அத்தனை வெளிச்சம். கேப்பை மாவு, வேர்க்கடலை உருண்டை என்று சமையலறை அமர்க்களப்படுகிறது. டப்பா டப்பாவாக ஓமந்தூருக்குப் போகிறது. நமக்கு வழக்கமான ரசம்.

8 ஜூலை, ஞாயிறு.

ஆடி பிறப்பதற்குள் வளைகாப்பு வைத்துவிட்டார்களாம். சௌந்தரம் இரண்டு கையிலும் முழங்கை வரைக்கும் கண்ணாடி வளையலோடு வந்து நின்றாள். இந்த வயசில்! அம்சவள்ளி மருமகள் உங்களையும் விசாரித்தாள் என்றாள். என்னைத் தெரியாதவளுக்கு என்ன விசாரிப்பு வேண்டியிருக்கிறது என்றேன்.

24 செப்டம்பர், திங்கள்.

ஐந்து நாளாகச் சௌந்தரம் இல்லை. அம்சவள்ளி மருமகளுக்குப் பிரசவம். ஐந்து நாளும் சோறும் மோர்மிளகாயும். சொந்தப் புருஷன் பட்டினி கிடந்தாலும் பரவாயில்லை, ஊரான் மருமகளுக்கு வெந்நீர் வைக்க ஆள் வேண்டும்.

வந்தவள், "பொண்ணு. ரெண்டே முக்கா கிலோ" என்றாள்.

"சரி. தோசை ஊத்து" என்றேன்.

அவள் அடுப்புப் பக்கம் போகவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். என்ன என்றேன். ஒன்றுமில்லை என்றாள்.

28 நவம்பர், புதன்.

காலை பதினொன்றரைக்கு ஆட்டம் முடிந்தது. கடைசி டிராகன் என் கையால் செத்தது. எட்டு மாதம். சந்தோஷமாகத்தான் இருக்க வேண்டும், இருப்பு கொள்ளவில்லை. முடிந்துவிட்டதால் விதி இனி இல்லை; பக்கத்தைத் திறக்கலாம். எட்டு மாதத்தில் என்னென்ன கெடுத்து வைத்திருக்கிறாள் என்று பார்ப்போம் என்று திறந்தேன்.

அங்கே இருந்ததை அப்படியே எழுதிக்கொள்கிறேன்.

பதிப்பு 1.4, மே 15: ‘இந்தப் பதிப்பில் பெரிய மாற்றம் இல்லை. அதிக நேரம் உட்கார வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். செப்டம்பர் கடைசிக்கு நாள் கொடுத்திருக்கிறார்கள். வலை பற்றி எழுதிய பயனர் இதைப் படித்தால், குறை சொல்வதை நிறுத்த வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.’

பதிப்பு 1.5, ஆகஸ்ட் 2: ‘கடலோர வீட்டில் ஒரு சேலைத் தொட்டில் வைத்திருக்கிறேன். இது பொறுக்கியது இல்லை, நானே செய்தது. முடிச்சு சரியா என்று தெரிந்தவர்கள் சொல்லவும்.’

பதிப்பு 1.6, செப்டம்பர் 27: ‘பெண். இருபதாம் தேதி காலை. இரண்டே முக்கால் கிலோ. பார்த்தவரையில் பிழை எதுவும் இல்லை.’

நவம்பர் 10: ‘மூன்று பதிப்புகளுக்கும் ஒரு வார்த்தை வரவில்லை. இந்தத் தொகுப்பு யாருக்கும் பயன்படவில்லை என்று எடுத்துக்கொள்கிறேன். ஆண்டு முடிவில் நீக்கிவிடுவேன்.’

நான் பயன்படுத்திக்கொண்டுதான் இருந்தேனே. தினமும். பத்து மணியிலிருந்து ஒரு மணி வரைக்கும்.

சமையலறைக்குப் போனேன். சௌந்தரம் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"நீயாவது சொல்லியிருக்கலாம் இல்ல?"

அவள் தலை தூக்கவில்லை. "இன்னான்னு சொல்றது? பேரே எடுக்கக் கூடாதுன்னீங்க. எடுக்கல."

"அம்சவள்ளி மருமக அது இதுன்னு..."

"அம்சவள்ளிக்கு மூணும் பொண்ணுங்க. கல்யாணத்துக்கெல்லாம் நீங்களும்தான் வந்து பந்தியில குந்திக்கினு சாப்ட்டீங்க. மருமவ எங்கேருந்து வருவா?" இப்போதுதான் நிமிர்ந்தாள். "ஆறு மாசமா சொல்லிக்கினு கீறேன். நீங்க ஒரு வார்த்த கேக்கல. ‘எந்த மருமவடி’ன்னு ஒரு வார்த்த. கேட்டிருந்தீங்கன்னா பேரு எடுத்தது நீங்களா இருந்திருப்பீங்க."

மூணும் பொண்ணு. எனக்குத் தெரியும். மூன்று பேருக்கும் மொய் வைத்தவன் நான்.

29 நவம்பர், வியாழன்.

பெட்டியில் ஐந்து தடவை எழுதி ஐந்து தடவை அழித்தேன். ‘பயன்பாட்டில் உள்ளது, நீக்க வேண்டாம்’ என்று ஒன்று. ரேஷன் கடை போர்டு மாதிரி இருந்தது. ‘குழந்தைக்கு வாழ்த்துக்கள்’ என்று ஒன்று. அதை எழுதினவனைச் செருப்பால் அடிக்கலாம். பேத்திக்கு எழுபது நாள் ஆகிறது, தாத்தா கருத்துப் பெட்டியில் வாழ்த்துகிறார்.

என்னிடம் சொல்லிவிட்டுச் செய்திருந்தால் விட்டிருப்பேனா? மாட்டேன். சவுரிராயன் எந்தத் தெருக்காரர் என்றுதான் முதலில் கேட்டிருப்பேன். கம்பி எல்லாத் தெருவுக்கும் ஒன்றுதான், சம்பந்தம் வேறு என்றிருப்பேன். அது அவளுக்குத் தெரியும். அதனால்தான் சொல்லவில்லை. எனக்கும் தெரியும். இந்த நோட்டிடம்கூட மறைத்திருக்கிறேன்.

சௌந்தரம் வெளிச்சமாக வந்த நாளெல்லாம் எனக்குத் தெரியாமலா இருந்தது? தெரியக் கூடாது என்று இருந்தேனா? வெட்கமாக இருக்கிறது.

2 டிசம்பர், ஞாயிறு.

காலை பாசஞ்சரில் திண்டிவனம் போனேன். விலாசம் சௌந்தரம் எழுதிக் கொடுத்தாள், ஆனால் தனியாகத்தான். சௌந்தரம் வந்தால் அவள் பேசிவிடுவாள், நான் பேசாமல் தப்பித்துவிடுவேன்.

மாடி வீடு, கிடங்கல் பக்கம். கதவைத் திறந்தவன் இனியவன். தோளில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. "வாங்க மாமா" என்றான். மூன்று வருஷமாகத் தயாராக வைத்திருந்த மாதிரி அவ்வளவு சாதாரணமாகச் சொன்னான். எனக்குக் கோபம்தான் வந்தது. கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருக்கலாம்.

சங்கவி உள்ளேயிருந்து வந்தாள். இளைத்திருக்கிறாள். என்னைப் பார்த்தாள், அழவில்லை, சிரிக்கவில்லை.

"மூணு வெர்ஷன் போட்டேன்பா."

"ஓடுற ஆட்டத்துல அப்டேட் பண்ணக் கூடாது. நீதான் சொல்லிக் குடுத்த."

"அப்டேட் பண்ண வேணாம். படிச்சிருக்கலாம் இல்ல?"

கதவோரத்து நாற்காலியில் உட்கார்ந்தேன்.

இனியவன் ஒரு டம்ளர் தண்ணி கொண்டுவந்து ஸ்டூல் மேல் வைத்தான். ஸ்டேஷனிலிருந்து நடந்து வந்திருந்தேன், நாக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. கை போகவில்லை. சபதம் போட்ட கையாயிற்றே! ஒரு மணி நேரம் அந்த டம்ளரையும் என்னையும் மூன்று பேரும் மாறி மாறிப் பார்த்தோம். கடைசியில் சங்கவியே டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். வரும்போது கை காலியாக இருந்தது. குழந்தையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டாள், என்னிடம் நீட்டவில்லை. கேட்கிற தைரியம் எனக்கும் இல்லை.

வாசலில் சொன்னாள்: "அடுத்த தபா வந்தா தண்ணி குடிக்கிற மாதிரி வாங்கப்பா. இல்லன்னா வராதீங்க. புள்ள வளந்தா கேக்கும், ஏன் தாத்தா மட்டும் குடிக்கலன்னு. என்னால பதில் சொல்ல முடியாது."

ஸ்டேஷனில் தண்ணி பாட்டில் வாங்கிக் குடித்தேன்.

9 டிசம்பர்.

போகவில்லை.

16 டிசம்பர்.

போகவில்லை. ஒரு டம்ளர் தண்ணிக்கு இத்தனை யோசனை. முப்பத்து மூன்று கிலோ வோல்ட் லைனில் யோசிக்காமல் ஏறினவன்.

30 டிசம்பர், ஞாயிறு.

நாளைக்கு நீக்கிவிடுவாள். பதிப்பு 1.6-ஐ இறக்கி, கடலோர வீட்டுக்கு நடந்தே போனேன். தொட்டிலைப் பார்த்தேன். சேலை நன்றாக இருக்கிறது, ஆனால் முடிச்சு! செருப்புக்கு நாடா கட்டுகிற மாதிரி ஒரு முடிச்சு. ஒரு கிலோ அரிசியைக்கூடத் தாங்காது. வீட்டிலும் இப்படித்தான் கட்டியிருப்பாளோ என்று நினைத்ததும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன்.

பெட்டியில் எழுதினேன்: ‘தொட்டில் முடிச்சு தப்பு. எழுத்தில் விளக்க முடியாது. நேரில் வந்து கட்டிக் காட்ட வேண்டும். இந்தப் பயனர் எது கொடுத்தாலும் குடிப்பார்.’

31 டிசம்பர், திங்கள்.

பதில்: ‘அன்புள்ள பயனருக்கு, வரும் ஞாயிறு. அம்மாவையும் அழைத்து வரவும்.’

6 ஜனவரி 2019, ஞாயிறு.

போய்விட்டு இப்போதுதான் வந்தோம். சாயந்திரம் ஐந்தரை.

நுழைந்ததும் தண்ணி கேட்டு வாங்கிக் குடித்தேன். சௌந்தரம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தொட்டிலை அவிழ்த்துத் திரும்பக் கட்டினேன். இனியவன் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டான். பிடிக்கத் தெரியவில்லை, ஆட்டுகிறான். பிறகு குழந்தையை என் மடியில் போட்டார்கள். அரை மணி நேரம் வைத்திருந்தேன். மூக்கு எங்கள் வீட்டு மூக்கு. பாவம், பெண் குழந்தை.

சவுரிராயனும் அவர் சம்சாரம் சவுரியம்மாளும் கிராமத்திலிருந்து வந்திருந்தார்கள். அவர் என்னைவிடக் குறைவாகப் பேசுகிற ஆள், அதனால் பிழைத்தோம். சமையல் அந்தம்மாவுடையது. குப்பத்துக்காரன் வருகிறான் என்று வஞ்சிரக் குழம்பு. முதல் வாயிலேயே தெரிந்துவிட்டது. மீன் முந்தாநாளையது, ஐஸில் கிடந்து சக்கையாகிவிட்டது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "இது மீனே இல்ல" என்று சொல்லிவிட்டேன். சங்கவி கையிலிருந்த கரண்டி நின்றது.

சவுரியம்மாள் பதறவில்லை. "எங்களுக்கு எங்க தெரியுது சம்மந்தி, மார்க்கெட்டுல குடுத்தத வாங்கியாந்தோம். வர்ற ஞாயித்துக்கெழம நீங்களே வாங்கியாந்து குடுங்க, நான் ஆக்கித் தர்றேன்" என்று சொல்லிக்கொண்டே இன்னொரு துண்டை என் தட்டில் வைத்தார். சாப்பிட்டேன். அதற்கு மேலும் ஒரு துண்டு.

ஞாயிறு விடிகிற பஸ்ஸில் மரக்காணம் போக வேண்டும். வஞ்சிரம் வேண்டாம், பால் கொடுக்கிறவளுக்குப் பால்சுறாதான் நல்லது. ஒரு ஐஸ் பெட்டி வாங்க வேண்டும், ஆறு பேருக்கு ஆகிற மாதிரி. இவர்களை நம்பி விட்டால் என் பெண்ணுக்கு நல்ல மீன் கிடைக்காது.